காணாப் பொருளும் என் அப்பாவும்

என் படிப்பைக் கெடுத்தவர் என் அப்பாதான். ஊரில் அவருக்குப் பகுத்தறிவாளர் என்று பெயர். பெற்ற பெண்ணைக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு அனுப்பி பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வைத்தவர் என்ற பெருமையும் உண்டு. பெயருக்கும் பெருமைக்கும் ஒரு குறைச்சலும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நான் படித்து முடித்தேன். அப்போது வானியலில் ஒரு சங்கடம் பெரிதாகிக்கொண்டிருந்தது. சுழன்றுகொண்டே இருக்கும் நட்சத்திரக் கூட்டங்களின் ஓரத்தில் உள்ளவை மெதுவாகப் போக வேண்டும். அளந்து பார்த்தால் அவையும் உள்ளே இருப்பவை போலவே விரைந்து போயின. கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும்தான் என்றால் அவை என்றைக்கோ பிய்த்துக்கொண்டு போயிருக்கும். ஒளியே விடாத வேறு ஏதோ பொருள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. என் பேராசிரியரும் நம்பவில்லை. “எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா. அதனாலதான் உன்னையக் கணக்குப் போட்டுப் பாக்கச் சொல்றேன்” என்று ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். ஜூன் மாதம் சேர வேண்டும். விடுதிச் செலவை அப்பா ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அப்பாவும் அவருடைய தோழர்களும் ஒரு படிப்பகம் நடத்தினார்கள். ஞாயிறு மாலை அங்கே கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். கேட்பதற்கென்றே புதுவயலிலிருந்து ஒரு ரைஸ்மில் முதலாளி வருவார். நெற்றி நிறைய விபூதி, கோயில் காரியங்களில் முதல் ஆள். அப்பாவை மடக்குவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அந்த மனிதரின் வாயை அடைக்க அப்பா என்னை மேடை ஏற்றினார்.

“நீ விஞ்ஞானம் பேசுத்தா. இன்னைக்கு மில்லுக்காரரு வாயே தொறக்கக் கூடாது.”

நான் ஆசை ஆசையாகப் பேசினேன். ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுற்றிக் காட்டினேன். வேகம் கூடினால் கை இறுகப் பிடிக்க வேண்டும், பிடி விட்டால் கல் பறந்துவிடும் என்றேன். நட்சத்திரங்கள் பறக்கவில்லை, ஆகவே ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்று சொல்லி வாயை மூடவில்லை, மில்காரர் துள்ளி எழுந்தார்.

“அப்பிடிப் போடு தாயி! கண்ணுக்குத் தெரியாது, ஆனா எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கு. இதைத்தானேய்யா நாங்களும் தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கோம்! என்னண்ணே, ஒங்க மகளே சொல்லிருச்சு. இன்னமும் சாமி இல்லைங்கிறீகளா?”

கைதட்டலும் விசிலுமாகக் கூரை பிய்ந்தது. “ஐயா, நான் சாமியைச் சொல்லலை. இதை அளக்கலாம். தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே விட்டுருவோம்” என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? மில்காரரோ என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். பாவி மனுஷன்.

அப்பா எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். “வெள்ளைக்காரன் கணக்குலயும் தப்பு வரும். எம்மக அதை அப்பிடியே ஒப்பிச்சிருச்சு. சின்னப்புள்ள, விடுங்க” என்றார். மேடையில் என் கையில் அந்தக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “மதுரைக்குப் போக வேணாம். பார்க்காததை இருக்குன்னு சொல்ற படிப்பு இந்த வீட்டுக்கு ஆகாது.”

“அந்தப் புரொபசரே நம்பலப்பா. நம்பாமத்தான் தேடச் சொல்றாரு.”

“இல்லாததை என்னத்தத் தேடுறது?”

அவ்வளவுதான். ஜூன் வந்தது, போனது. அந்தப் பொருள் இல்லவே இல்லை என்றுகூட ஒருநாள் தெரியவரலாம். அதை நிரூபிக்கிறவள் நானாக இருந்திருந்தால் அதுவே எனக்குப் போதும். சந்தேகப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. தேடாமலே சந்தேகப்பட்ட ஒருவர்மேல்தான் கோபம், அது இன்னும் ஆறவில்லை.

அந்த ஆவணியிலேயே எனக்குக் கல்யாணம் பேசினார்கள். சிவகங்கையில் கோர்ட்டு உத்தியோகம், அப்பாவின் தோழர் ஒருவருக்கு உறவு. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

“பையன் கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாரீகளா?”

“எதுக்கு? தோழர் சொல்லிட்டாரு. பார்த்தாத்தான் நம்பணுமா?”

அடுப்படியில் நின்றிருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கல்யாணக் களையில் சிரிக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றிக்கொண்டோம். மாப்பிள்ளையின் முகத்தை அப்பா மேடையில்தான் முதன்முதலாகப் பார்த்தார், நானும் அப்போதுதான். பிறகு அப்பா மைக் முன்னால் நின்று பெண் கல்வியைப் பற்றி வெகுநேரம் பேசினார். பெண்ணைப் படிக்க வைக்காத வீடு வீடே இல்லை என்று அவர் முழங்கியபோது முன்வரிசையில் இருந்த மில்காரர்கூடக் கைதட்டினார். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் என்னை மெல்ல இடித்தார். “ஒங்கப்பாதான பேசுறாக, கையைத் தட்டு” என்றார். என் கணவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. தட்டினேன்.