அட்டை குறைந்தால் விலை கூடும்

இந்த நாட்டில் என்னைத் திகைக்க வைத்தது கங்காருவல்ல. சிட்னியின் பரமட்டாவில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடை இருக்கிறது. சுவிங்கத்தோடு ஒரு காலத்தில் இலவசமாக வந்த விளையாட்டு வீரர் பட அட்டைகளை, நரைத்த தலையர்கள் அங்கே ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து வாங்குவார்கள். கிரிக்கெட் என்றாலாவது பரவாயில்லை, அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்போல். கடைக்காரர் கிரெக்கிடம் வாயைக் கொடுத்தால் போதும், மதியச் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அந்தக் காலத்தில் கணக்கில்லாமல் அச்சடித்தார்களாம். தாய்மார் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கென்று பழைய தாள் சேர்த்தபோது மூட்டை மூட்டையாகப் போனது. "போனதால்தான் மிஞ்சியதற்கு மதிப்பு. அந்த அம்மாக்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்" என்பார்.

படகுகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த 2012இல், பக்கத்து ஊரான கிரவீனில் எங்கள் வீட்டுப் பின்னறையில் குகன் வாடகைக்கு இருந்தார். வன்னியிலிருந்து தப்பிப் படகில் வந்தவர். அவருடைய அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் நின்றது. பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவருக்கு அவர் புல்லு வெட்டுவார். கிழவர் வீட்டை விற்றுப் போகும்போது ஒரு பழைய பேஸ்போல் அட்டையைக் குகனின் கையில் வைத்தார். சிறுவயதில், யுத்தகாலத்தில் சிட்னியில் நின்ற அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் கொடுத்ததாம். நான் அதைப் படம் எடுத்துப் போய்க் கிரெக்கிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அதே அட்டை அவரிடமும் ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இந்த நாட்டில் மூன்றாவது ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை. கவனமாகக் கொண்டுவரச் சொன்னார். நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பிடிக்க அது போதும் என்று குகனுக்குச் சொன்னேன். அன்று அவர் எனக்கும் சேர்த்துச் சமைத்தார்.

சனிக்கிழமை கிரெக் கையுறையோடு காத்திருந்தார். குகன் பையைத் திறந்து அட்டையை மேசையில் வைத்தார். அது பளபளத்தது. நாலு பக்கமும் பிளாஸ்டிக் விளிம்பு. பெண்டில் ஹில் கடையொன்றில் கொடுத்து லமினேற் பண்ணியிருக்கிறார்.

வன்னிச் சனத்துக்கு இது விளங்கும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணாமல் போன பிள்ளையின் படம் எல்லாவற்றையும் லமினேற் செய்துதான் அவர்கள் இடம்பெயர்ந்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் தப்பவேண்டும், அவ்வளவுதான். கிரெக்கின் உலகத்திலோ சூடு வைத்து ஒட்டிய அட்டை செத்த அட்டை.

கிரெக் கையுறையைக் கழற்றினார். பிறகு சிரித்தார். நல்ல செய்தியாக்கும் என்று குகனும் சிரித்தார்.

"இனி இது ஒன்றுக்கும் உதவாது என்று சொல். இருபது டொலர் தருகிறேன்" என்றார் என்னிடம்.

"உதவாததுக்கு ஏன் இருபது டொலர்?"

"இப்போது நல்லது ஒன்றுதான் மிச்சம். அது என்னுடையது."

நான் தமிழில் சொன்னதைக் கேட்டுக் குகன் தலையை ஆட்டினார். கிரெக் காசைக் கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலால் அட்டையை எங்கள் முன்னாலேயே இரண்டாக வெட்டினார். வேறு யாரையும் ஏமாற்ற அது உதவக்கூடாதாம். நேர்மையான மனிதர்தான்.

திரும்பும் பேருந்தில் குகன் கேட்டார்.

"அப்ப அவற்ர அட்டைக்கு இப்ப விலை கூடியிருக்கும், என்ன அண்ணை?"

"ஓம்."

அடுத்த ஞாயிறு அவருடைய தம்பி ஊரிலிருந்து அழைத்தான். அவனைத் தேடி வீட்டுக்கு இராணுவ ஆட்கள் வந்துபோவது எனக்கும் தெரியும். நீர்கொழும்பில் படகு ஒன்று வெளிக்கிடப் போகிறது, தனக்கு இடம் இருக்கிறது என்றான்.

"வராதை," என்றார் குகன். "இஞ்ச வந்து பிரயோசனமில்லை. வையடா ஃபோனை."

கடலுக்குப் பயந்துதான் சொல்கிறார் என்று நினைத்தேன். "நல்லதுதான் சொன்னீங்கள். எத்தனை படகு சனத்தோட கடலுக்குள்ள தாண்டுபோச்சு" என்றேன்.

"அதில்லை அண்ணை. ஒவ்வொரு படகு வரேக்கையும் எங்கட மதிப்பு இறங்குது. ஆக்கள் குறைஞ்சாத்தான் என்னை வைச்சிருப்பாங்கள்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். யன்னலால் பார்த்தபோது அவர் பின்னறை வாசலில் நின்று தம்பியின் இலக்கத்தை அழுத்துவதும், மறுபக்கம் மணி அடிக்கமுன் நிறுத்துவதுமாக இருந்தார்.