பிசாசின் கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

நேற்று நல்லூரில் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டும்போது மூக்கு என்னை இழுத்து நிறுத்தியது. கடைக்காரர் துருப்பிடித்த செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். வாங்க ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மனிதர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வாசத்தோடு ஒருகாலத்தில் பிசாசாக நின்றவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படிப்பிக்க வந்திருந்தேன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நாளில் ஊர் வாசிகசாலைக்காக ஒரு பழைய சிறுகதையை நாடகமாக்கினேன். ஏழை ஒருவனிடம் பிசாசு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரனின் கிணறு அவனுடையதல்ல என்று பொய்ச்சாட்சி சொன்னால் ஒரு முடிச்சுப் பவுன் தருவதாக ஆசை காட்டுகிறது. மூன்றாம் முறை கேட்கும்போது ஏழை வாங்கிவிடுகிறான். பிசாசு வேடம் எனக்கு. முகவெட்டுப் பொருத்தம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஒத்திகை பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஏழையின் மனைவியாக நடித்தவர், என்னோடு படிப்பித்த இராசமலர் அக்கா. அவர்தான் வழி சொன்னார்.

"தம்பி, உம்மடை பவுனைப் பாத்து இப்ப ஆர் மயங்கப்போகினம்? ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வையும். தண்ணி வேண்டாம், உண்மையான எண்ணெய். மூடியையும் திறந்து வையும்."

தன் வீட்டுப் போத்தலையே கொண்டுவந்தும் தந்தார்.

ஏழையாக நடித்தவர் செல்வராசா அண்ணை. பஸ் கொண்டக்டர், பஸ் ஓடாததால் வீட்டில் இருந்தார். அவருடைய மகள் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். வீட்டு விளக்கில் எண்ணெய் வற்றிக் கிடந்தது ஊருக்கே தெரியும்.

நாடகம் பின்னேரம் நடந்தது. போத்தலை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். வாசம் பரவியதும் சபை அடங்கிவிட்டது. இரண்டாம் முறை நான் கேட்டபோது சபையிலிருந்த ஒரு மனுசிக்கு நாடகமே மறந்துபோயிற்று.

"வாங்கு தம்பி, உன்ரை பிள்ளை படிக்கட்டும்," என்றார்.

"கள்ளச்சாட்சி சொல்லியோ? பேசாம இரு," என்று பக்கத்திலிருந்தவர் அதட்டினார்.

மூன்றாம் முறை கேட்டேன். அண்ணையின் கை போத்தலின் கழுத்துவரை போய் அங்கேயே நின்றது.

"எடுங்கோ அண்ணை. கதையிலை எடுக்கிறியள்," என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "அது அவன்ரை கிணறுதான். நீ இதைக் கொண்டு போ," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தோற்ற பிசாசுக்கு நான் வசனம் எழுதியிருக்கவில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு, அந்த அவமானத்திலும் ஒரு துளி சிந்தாமல், அசடு வழிய உள்ளே போனேன். அண்ணை பின்னால் வந்ததும் சண்டைக்கு நின்றேன்.

"என்ன அண்ணை, கதையைக் கெடுத்துப்போட்டியள்."

"என்ரை பிள்ளை முன்னுக்கு இருந்து பாத்துக்கொண்டிருந்தவள், தம்பி. தன்ரை விளக்குக்காக அப்பா பொய் சொன்னவர் எண்டு அவள் நாடகத்திலையும் பாக்கக்கூடாது."

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பிறகு பல மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த மனிதரிடம் தோற்ற பெருமைக்கு அவை ஈடில்லை.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வாசிகசாலைக்குக் கூரை இல்லை, செல்வராசா அண்ணையும் இல்லை. இப்போது வீதியெல்லாம் விடிய விடிய வெளிச்சம், நல்லதுதான். இன்றைக்குப் பிசாசு வேடம் கட்டச் சொன்னால் எதை நீட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீட்டினாலும், கழுத்துவரை போய்த் திரும்பிய அந்தக் கை இல்லை.