கண் கூசும்படி எரிந்த விளக்கு

பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிறேன். நுரையீரல் கெட்ட என் கணவர் ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் உயிரோடு இருந்தார்.

ஒரு காலை, மழை விட்டதும் எங்கள் விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. காத்தாடி பேயாகச் சுற்றியது. பக்கத்து வீட்டு லெட்சுமி ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல லைட் மங்கிப்போச்சு, இங்க இப்படி எரியுது. ஏதோ சரியில்லலா. மெயின் சுவிட்ச அடைங்க."

"எங்க வீடு வெளிச்சமா இருந்தா உனக்குப் பொறுக்காதே!" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இருந்தாலும் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டேன். அவன் டெஸ்ட் பேனாவைப் பிளக்கில் குத்தினான், அது எரிந்தது. "கரண்ட் நல்லா வருது ஆண்ட்டி," என்று கிளம்பிவிட்டான். கரண்ட் இருக்கிறதா என்றுதான் அந்தப் பேனா காட்டும், எவ்வளவு என்று காட்டாது. மடையனுக்கு அது தெரியவில்லை.

அரை மணியில் மெஷின் டப்பென்று வெடித்துப் புகைந்தது. கணவர் மூச்சுக்குத் தவித்தார். லெட்சுமிதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொரு வயர்மேன் மீட்டர் வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய எங்கள் பிளக்கில் முந்நூற்று நாற்பது. லெட்சுமி வீட்டில் பாதிகூட இல்லை. வரிசைக்கே பொதுவான நியூட்ரல் கம்பி கழன்றிருந்ததாம். அது கழன்றால் ஒரு வீட்டில் வோல்ட் ஏறும், இன்னொரு வீட்டில் இறங்குமாம்.

இப்போது விளக்கு கொஞ்சம் கூடுதலாக எரிந்தாலே மெயினை அடைத்துவிட்டு லெட்சுமியிடம் ஓடுகிறேன். மீட்டர் இல்லாத வயர்மேனை வீட்டுக்குள் விடுவதில்லை. அந்த மடையனைத் திட்டித் தீர்த்தேன். என்னைத் திட்ட வேண்டிய லெட்சுமியோ இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.