கெர்லோஃப் மாட்டாத படம்

கெர்லோஃப் எந்தப் படத்தையும் முதலில் நேராகப் பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து சவரக் கண்ணாடியை எடுப்பார். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே அதைப் பிடித்து, அதில் தெரிவதைத்தான் பார்ப்பார். பார்க்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். நீன்கே பள்ளிக்கூடப் பெண்ணாகப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்த காலத்திலிருந்தே இதைப் பார்த்து வருகிறாள்.

“பழகின முகத்துல கோணல் தெரியாது. இடம் வலம் மாத்திப் பாரு, உடனே தெரியும்” என்பார்.

கூட்டம் நடப்பது ஊர் நூலகத்தின் பின்னறையில். வருபவர்கள் யாருக்கும் படம் போடுவது பிழைப்பல்ல. சுவருக்குச் சுவர் ஒரு கயிறு, அதில் துணி காயப்போடும் கிளிப்புகள். வரைந்ததையோ கணினியில் வடிவமைத்ததையோ கொண்டுவந்து மாட்ட வேண்டும். மாட்டியவர் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லி நழுவுகிறவர் அன்றைய காப்பிக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். காப்பியோடு ஆளுக்கு ஒரு பிஸ்கட். பிறகு டப்பா மூடப்பட்டுவிடும்.

கெர்லோஃப் ஒருநாளும் கோப்பை கழுவியதில்லை. லேவார்டன் நகரத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுபவர் அவர். நாள் முழுவதும் நிறுத்தங்களில் ஒட்டிய சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே போகிறவர். எழுத்து எங்கே நெருக்குகிறது, நிறம் எங்கே கத்துகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அவர் படம் எதுவும் அந்தக் கயிற்றில் தொங்கியதில்லை. கடைசி கிளிப் அவருடையது என்று ஒரு பேச்சு மட்டும் இருந்தது.

“உங்க கிளிப் துருப்பிடிச்சுப் போச்சு, கெர்லோஃப்” என்பாள் ஹிஸ்கே. சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவள், கோழிகளை மட்டுமே வரைபவள்.

“அடுத்த புதன், ஹிஸ்கே.”

“எந்த வருஷத்துப் புதன்? அதையும் சொல்லிட்டா என் கோழிங்க காத்திருக்கும்.”

நீன்கே க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்துப் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தாள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா டுர்க் பால்மாவு ஆலையில் வேலை பார்ப்பவர். “அதை வச்சு என்னம்மா செய்வாங்க?” என்று கேட்பார். குத்திக்காட்டக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். பிறர் வரைந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக் கற்றிருந்தாள். அதை அப்பாவிடம் ஒரு வேலை என்று எப்படிச் சொல்வது?

குளிர்காலத்தில் புல்வெளியில் நீர் பாய்ச்சி, அது உறைந்ததும் ஸ்கேட்டிங் திடலாக்கும் ஊர்ச் சங்கம் ஒன்று உண்டு. நீர் பாய்ச்சுகிறவர்களில் டுர்க்கும் ஒருவர். சங்கத்தின் நூறாவது குளிர்காலத்துக்குச் சுவரொட்டி வேண்டும் என்றார்கள். நான் செய்கிறேன் என்றாள் நீன்கே. படித்த படிப்பை அப்பா கண்ணால் பார்க்கும்படி ஒன்று செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

வளைவில் குனிந்து சறுக்கும் ஓர் ஆள். ஒரு கை முதுகில், மறு கை வீசியபடி. அவ்வளவுதான் படம். புதன்கிழமை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“உன் ஆளு காகிதத்தை விட்டே ஓடிப் போறான்டீ. எழுத்து மட்டும் அம்போன்னு நிக்குது” என்றாள் ஹிஸ்கே.

கெர்லோஃப் கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கினார். வெகு நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நேர்ல சரியில்ல. எழுத்தை மறைச்சுட்டு ஆளை மட்டும் கண்ணாடியில பாத்தா அருமையா இருக்கு. ஆளைத் திருப்பிப் போட்டுடு.”

ஹிஸ்கே எழுத்தைக் கையால் மறைத்துக்கொள்ள, கண்ணாடி கைமாறியது. உண்மைதான். திருப்பினால் ஆள் எழுத்து இருக்கும் பக்கமாகவே பாய்ந்து வருவான், காலி இடம் சரியாக உட்காரும். எல்லாரும் தலையாட்டினார்கள். நீன்கே கணினியில் ஆளை மட்டும் திருப்பி அச்சுக்கு அனுப்பினாள்.

சுவரொட்டி ரொட்டிக்கடையிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஆலை வாசலிலும் ஏறியது. அன்று டுர்க் உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, உன் ஆளு எங்க போறான்?”

“எங்கன்னா? வளைவுல போறான்.”

“வலது பக்கமால்ல திரும்பறான். இடது கையை வீசறான். நம்மூர்ல யாரு அப்படிப் போறா?”

நீன்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். திடலை எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சறுக்கப் பழகும் குழந்தைக்கும் அது தெரியும். பின்னறையில் இருந்த அத்தனை பேரும் செருப்புக்கு முன்பே ஸ்கேட் கட்டியவர்கள். வடிவத்தைப் பார்த்தார்கள், எடையைப் பார்த்தார்கள், காலி இடத்தைப் பார்த்தார்கள். ஆள் எந்தப் பக்கம் போகிறான் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஊர் ஒரு வாரம் சிரித்தது. உன் மகள் க்ரோனிங்கனில்தான் சறுக்கக் கற்றாளா என்று ஆலையில் டுர்க்கைக் கேட்டார்களாம். “வரைஞ்சவ என் பொண்ணு. வழி தெரியாதவன் அந்த ஆளு” என்றாராம் அவர். இதை நீன்கேயிடம் சொன்னவள் ஹிஸ்கே. அப்பா சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை கெர்லோஃப் தாமதமாக வந்தார். கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை.

“ஒவ்வொரு நிறுத்தத்துலயும் அவன் எனக்கு எதிர்லயே வர்றான்” என்றார். “தப்பு என்னோடது.”

“நாங்களும்தானே தலையாட்டினோம்” என்றாள் ஹிஸ்கே.

“அதில்ல. இவ மாட்டினா, ஊர் பாத்துச்சு, சிரிச்சுது. என்னைப் பாத்துச் சிரிக்க யாருக்கும் வழியே இல்ல. நான்தான் எதையும் மாட்டலையே.” நீன்கே பக்கம் திரும்பினார். “உனக்கு நான் ஒரு படம் கடன்பட்டிருக்கேன். நான் மாட்டறேன். அன்னிக்குக் கண்ணாடி உன் கையில.”

“எந்தப் புதன்?” என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. அவராகவே போய்க் கோப்பைகளைக் கழுவினார்.

பிப்ரவரியில் திடல் உறைந்தது, சில நாட்கள் தாங்கியது. முதல் நாள் மாலை பால்மாவு ஆலைக்காரன் ஒருவன் வேண்டுமென்றே வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினான். பின்னால் பத்துப் பேர், அப்புறம் கூட்டமே. வளைவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். டுர்க்கும் இடது கையை வீசிக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தார். வேலியோரம் நின்ற மகளைக் கடக்கும்போது சொன்னார்.

“கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா போகலாம்.”

படிப்பை வைத்து என்ன செய்வார்கள் என்று அதன் பிறகும் கேட்டார். ஆனால் ஒரு சுவரொட்டி அவருடைய கொட்டகைக் கதவின் உட்புறம் ஏறியிருந்தது. அதை யார் ஒட்டியது என்று நீன்கே கேட்கவில்லை.

வசந்தத்தில் கெர்லோஃப் டெர்ஸ்கெலிங் தீவில் பஸ் ஓட்டப் போனார். கடைசிப் புதனன்று டப்பாவை இரண்டாம் முறை திறந்து அவருக்கு மட்டும் இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்கள். வெறுங்கையோடுதான் வந்திருந்தார். யாரும் படத்தைக் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் எப்போதாவது வரைந்திருப்பாரா என்று நீன்கே யோசிப்பதுண்டு. வரையாமலே அவ்வளவு பார்க்க முடியுமா? முடியும் என்றுதான் அவள் பட்டமும் சொன்னது. அல்லது அவர் வீட்டில் எங்காவது, கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே எந்தப் பக்கமும் சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட படங்கள் அடுக்கடுக்காக இருக்குமா? அவளுக்குத் தெரியவில்லை. அவள் மட்டும் வாரம் தவறாமல் எதையாவது மாட்டிக்கொண்டிருந்தாள்.

இலையுதிர்காலத்தில், கடைசி கிளிப் காலியாகத் தொங்குவதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினாள். கூட்டம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

“அடுத்த புதன்.”