யாரும் எழுதாத கவிதைக்கு ஆள் தேடினார்கள்

என் கவிஞர்கள் மூன்று மூக்குப்பொடி டப்பாக்கள். ஒன்றில் ஆட்களும் பொருட்களும், ஒன்றில் இடங்கள், மூன்றாவதில் செயல்கள். எல்லாம் பழைய பத்திரிகைகளில் வெட்டிய துண்டுச் சீட்டுகள். கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தால் கவிதை ரெடி. நாற்பது தாண்டிய ஜவுளிக்கடைக்காரன் புதுமை செய்ய வேறு சுருக்குவழி ஏது?

மார்த்தாண்டத்து வாசகசாலையில் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வைப்போம். முழுதையும் தன் கையால் எழுதுகிறவன் என் சேக்காளி, தையல்காரன். டப்பா தந்ததைப் பெயர் போடாமல் எழுதினான்:

ஆறு தேங்காய்கள்
பாலத்துக்கு அடியில்
விடியுமுன் பேசும்.

எல்லாரும் அசந்துபோனார்கள். அடுத்த இதழில் என் பெயரைப் போட்டு இன்னும் அசத்தலாம் என்றிருந்தேன்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர் கொதித்த நேரம். போலீசுக்குத் தேங்காய் என்றால் வெடிகுண்டு. ஏட்டையா வந்தார், கையெழுத்தைப் பார்த்தார், தையல்காரனைக் கூட்டிப்போனார்.

நான் சும்மா இருக்கவில்லை. டப்பாக்களைக் குளத்தில் எறிந்தேன். மூன்றும் மிதந்தன. வேட்டியோடு இறங்கி, திறந்து தண்ணீர் நிரப்பி மூழ்கடித்தேன். பிறகு உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஸ்டேஷனுக்கு நடந்தேன். வராந்தாவில் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"என்ன வேணும்?" என்றார் வாசல் போலீஸ்காரர்.

"மணி என்ன இருக்கும்?" என்றேன்.

இனிமேல் பத்திரிகை எழுதமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அந்தியில் அவனை விட்டார்கள்.

"டப்பா சமாச்சாரத்தைச் சொல்லப்படாதா மக்கா?" என்றேன்.

"சொன்னேன்லே. யாரும் எழுதல்ல, சீட்டு எடுத்ததுன்னு. அதுக்குத்தான் மொத அடி. பொறவு நான்தான் எழுதினேன்னு சொன்னேன். அடி நின்னுட்டு."

"என் பேரச் சொல்லியிருக்கலாமே."

"நீ தாங்குவியா? பொடி போட்டாலே அழுவ."

அடுத்த வாரம் வாசகசாலையில் அவனுக்கு மாலை போட்டார்கள். போலீசுக்கு அஞ்சாத கவிஞராம். நானும் கைதட்டினேன். அவன் கன்னத்தில் நீலம் இன்னும் மாறவில்லை. எனக்கோ, மாலை கிடைக்க வேண்டியது எனக்கல்லவா என்று வயிறு எரிந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்.

"எழுதினது நீதான்னு இப்பச் சொல்லட்டுமா?"

வாசலில் ஏட்டையா நின்றிருந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.