பம்ப்பில் சிக்கிய வெள்ளிக்கிழமை

போன சனிக்கிழமை காலை, காப்பியும் கையுமாகக் கொல்லைப்புறம் போனேன். ஏதோ குறைகிறதே... என்ன அது? சத்தம்! எங்கள் குட்டிக் குளத்து ஃபவுண்டன் நின்றுபோயிருந்தது. நான்கு கோய் மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

சிங்கப்பூரின் செம்பவாங் பகுதியில் இந்தத் தரைவீட்டுக்குக் குடிவந்தபோது, என் மனைவி மாலதி நகை கேட்கவில்லை, குளம்தான் கேட்டாள். மீன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். என்னை வெறும் 'என்னங்க'தான்.

பம்ப் ஓடாவிட்டால் தண்ணீரில் காற்று கலக்காது. இந்த வெயிலில் மீன்கள் மதியம்வரை தாங்காது. மாலதி குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்தேன்? குற்றவாளியைத் தேடினேன். எதிர்வீட்டு மரத்து இலை, நேற்றைய மழை, பம்ப் விற்ற கடைக்காரர் — ஒருவரையும் விடவில்லை.

பக்கத்து வீட்டு நசீர் பாய் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். வருஷக்கணக்காக மீன் வளர்ப்பவர்.

"மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்கண்ணே. அப்புறமா திட்டலாம் லா."

பம்ப்பை வெளியே எடுத்து மூடியைத் திறந்தார். தண்ணீரைத் தள்ளும் குட்டிச் சக்கரத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினார். வெளியே வந்தது இலையல்ல, பாசியல்ல... நூல். முழ நீளத்துக்கு! கூடவே நாலைந்து அழுகிய மல்லிகை.

மாலதி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சாமிக்குப் போட்ட பழைய பூவை யார் காலிலும் மிதிபடாத இடத்தில் சேர்க்க வேண்டும். வெள்ளிதோறும் அது என் டியூட்டி. குப்பையில் போட மனம் வராது. ஆற்றில் விடலாம் என்றால், சிங்கப்பூரில் நடக்கிற காரியமா? கொல்லையிலேயே தண்ணீர் இருக்கிறது. மீனுக்குக் காலே கிடையாது. இதைவிடத் தோதான இடம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்? இரண்டு மாதமாக, தேக்கா சந்தையில் வாங்கிய சரங்களை நூலோடு அப்படியே குளத்துக் கல்லிடுக்கில் செருகிவந்தேன். அடடா, என்ன ஒரு பக்தி!

பாய் என்னைத் திட்டவில்லை. பழைய டூத்பிரஷ்ஷால் சக்கரத்தைத் தேய்த்தார். சின்ன வெங்காயம் வாங்கிவந்த வலைப்பையைக் கேட்டு வாங்கி, பம்ப்பை அதற்குள் போட்டுக் கட்டினார். அடியில் இருக்கும் சேற்றை இழுக்காதபடி ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்தார். வாரத்துக்கு ஒருமுறை பையை அலசினால் போதுமாம்.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தேன்...

பீச்சியடித்தது — நேராக என் முகத்தில்! மாலதி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... நனைந்த லுங்கியோடு நான் குளத்தைச் சுற்றி ஓர் ஆட்டமே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நான்கு மீன்களும் அடிக்கு இறங்கி நீந்தின. அப்பாடா!

மாலதி துண்டை நீட்டினாள்.

"அதான் குளிச்சாச்சுல்ல... போய்ச் சாமி கும்பிடுங்க."

கும்பிட்டேன். பூவை மட்டும் தொடவில்லை.