அண்ணன் கேட்ட பாதிப் பேச்சு

எங்கள் பேச்சு மன்றத்தில் நான் வகிக்காத பதவி கிடையாது. ஒழுங்காக வகித்த பதவியும் கிடையாது. செயலாளராக இருந்த வருஷம் அறிவிப்பில் கிழமையை மாற்றி எழுதிவிட்டேன். பேச வந்தவர் பூட்டிய கதவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். தலைவராக இருந்த வருஷம் பதற்றத்தில் நன்றியுரையை முதலிலேயே சொல்லிவிட்டேன். பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடப் போய்விட்டார்கள். எனக்குத் தாலுகா ஆபீசில் நகல் எழுதும் உத்தியோகம். காகிதத்துக்குக் கண் கிடையாது என்பதால் அங்கே பிழைத்தேன். மேடை ஏறினால் உள்ளங்கை இரண்டும் நனைந்துவிடும்.

இப்படி எல்லாப் பதவியிலும் விழுந்து எழுந்தவன் என்பதால், புதிய பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னையே பிடித்துப் போட்டார்கள். பள்ளம் எங்கே இருக்கிறதென்று விழுந்தவனுக்குத்தானே தெரியும் என்றார்கள். நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் யாரைப் பார்த்தாலும் சபையில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்ட காலம். திருக்கோகர்ணத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறையில் ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள் என்று இருபத்தைந்து பேர் இருப்போம். பதவி எல்லாம் சம்பளமில்லாப் பதவி. தை மாதம் முதல் ஞாயிறு எல்லாப் பொறுப்பும் கை மாறும். பொறுப்பேற்கிற ஒவ்வொருவரும் அன்றைக்கு ஐந்து நிமிஷம் பேசியே ஆகவேண்டும்.

அதற்கு முன், மார்கழியில் நாலு ஞாயிறு என் பயிற்சி. விதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டை மட்டும் உயிரைக் கொடுத்துச் சொல்லித் தருவேன். ஒன்று, சபையை விளிப்பது. ஒரு முறை ஒரு முன்னாள் தலைவரை விளிக்காமல் விட்டதில் அவர் கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் மாடிப்படி ஏறவில்லை. ஆகவே மேடையில் இருக்கிற ஒருவரையும் விடக்கூடாது, ஆளுக்கொரு ‘அவர்களே’ போட்டாக வேண்டும். இரண்டாவது, மணி. ஒரு பெரிய நிலக்காரர் தன் நெல் விளைச்சலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியபோது நிறுத்தச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு வந்தது அந்த விதி. ஐந்து நிமிஷம் ஆனதும் மணி அடிக்கப்படும். பேசுகிறவர் அந்த வாக்கியத்தோடு வணங்கி உட்கார வேண்டும்.

அந்த வருஷம் மணிக்குப் பொறுப்பு, பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர்.

“கலெக்டரே வந்து பேசினாலும் அடிக்கலாங்களா?”

“அடிங்க.”

“நீங்க பேசினா?”

“ரெண்டு தடவை அடிங்க.”

“கவலைய விடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாதிப் பேரு ஏறலைன்னாலும் டயத்துக்கு வண்டியக் கெளப்பி விட்டவன் நானு” என்றார். பொருத்தமான ஆளைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வரவேற்பாளர் பொறுப்புக்கு என் நண்பர் தாமாகவே வந்தார். கீழ ராஜவீதியில் தையல் கடை வைத்திருந்தவர். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மச்சான். மன்றத்தில் ஆறு வருஷம் இருந்தும் ஒரு நாள் வாய் திறந்ததில்லை.

“மச்சான், பதவிக்கு வந்தா அஞ்சு நிமிஷம் பேசணுமே” என்றேன்.

“அதுக்குத்தான் மாப்ள வாரேன்.”

பிறகு கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் ஜெகதாப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம். தாயார் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் தீபாவளி நெருக்கத்தில் தாயாருக்கு முடியவில்லை, உடனே வா என்று ஆள் வந்தது. கடை நிறைய வெட்டின துணி.

“ரெண்டு நாளு மாப்ள. பட்டனுக்குக் காஜா எடுக்க ஆளில்லைன்னு ரெண்டே நாளு நின்னேன். போறப்ப ஆத்தாவத் தூக்கப் போறாங்க. அண்ணன் வாசல்ல கைய வச்சு மறிச்சுப்புட்டாரு. வாய்க்கரிசி போட விடல. அதுக்கப்புறம் பேச்சு வார்த்தை இல்ல.”

“நேருல போயி மன்னிப்புக் கேளுங்களேன்.”

“மூணு தடவை போனேன். அவரு எதிருல நின்னா நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது. சபையில எழுதி வச்சதையாவது சொல்லிப்புடலாம். சொந்தக்காரரு ஒருத்தர விட்டுக் கேட்டேன். தம்பி பொறுப்பேக்குறான்னா வாரேன்னுட்டாராம்.”

அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். எப்படி அமைத்தேன் தெரியுமா? முதலில் அண்ணன் மறித்ததைச் சொல்ல வேண்டும். சபை உச்சுக் கொட்டும். பிறகு சட்டென்று திருப்பி, அவர் செய்ததுதான் நியாயம், துணியைப் பார்த்துத் தாயைப் பார்க்காத பாவி நான், அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும் என்று முடிக்க வேண்டும்.

“மன்னிப்ப மொதல்ல கேட்டுப்புட்டா என்ன மாப்ள?”

“சுவையே போயிரும் மச்சான்.”

கடையில் ஸ்டூலைப் போட்டு அண்ணனாக நான் உட்கார்ந்தேன். அவர் எனக்கு முன்னால் நின்று நாலு முறை பேசிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக்கு வரும்போது கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பிடித்துக்கொள்வார். நாலரை நிமிஷம். அரை நிமிஷம் மிச்சமே இருக்கிறது என்று தட்டிக் கொடுத்தேன். விளிப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இந்தப் பயிற்சியாளர் மண்டைக்குத் தோன்றவில்லை.

தை முதல் ஞாயிறு அண்ணன் வந்தார். நெடிய மனிதர், தோளில் வெள்ளைத் துண்டு. வரவேற்பாளரானதால் என் நண்பர்தான் படி வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்ட வேண்டும். நீட்டினார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தம்பி கையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது.

நண்பர் எழுந்தார். நான் சொல்லிக் கொடுத்தபடி தலைவரிலிருந்து ஆரம்பித்தார். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மணிப் பொறுப்பாளர் அவர்களே, முன்னாள் தலைவர்கள் அவர்களே என்று தொடங்கி, அவர்களை ஒவ்வொருவராக வேறு அழைத்து, எங்கள் காலடிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் சைக்கிள் கடை உரிமையாளர் அவர்களே என்பது வரை ஒருவரையும் விடவில்லை. ‘எனக்குப் பயிற்சியளித்த ஆசான் அவர்களே’ என்று எனக்கும் ஒன்று. நான் நெளிந்து, சிரித்து, கும்பிட்டேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் அதிலேயே போயிற்று.

பிறகு தாயார் கதை. குரல் நடுங்கினாலும் நன்றாகவே பேசினார். “அண்ணன் வாசலில் என்னை மறித்தார். பெற்ற தாய்க்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட விடவில்லை” என்றார்.

மணி அடித்தது.

அவர் டைம்கீப்பரைப் பார்த்தார். வணங்கினார். உட்கார்ந்தார். என் பயிற்சியை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சபை கைதட்டியது.

தலைவராக இருந்த வாத்தியார் என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் சபையைக் கேட்டுத் தலைவர் இரண்டு நிமிஷம் கூட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. எழுதியவன் நான். ஆனால் பதற்றத்தில் அது விதியா, நான் எப்போதோ கண்ட கனவா என்றே சந்தேகம் வந்துவிட்டது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஈரக் கையில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. வாயைத் திறந்து “பேசுங்க மச்சான்” என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் நோட்டில் தேடினேன்.

அண்ணன் எழுந்து தம்பி முன்னால் வந்து நின்றார்.

“இதுக்குத்தான் வரச் சொன்னியாடா? ஊரக் கூட்டி வச்சு என் மானத்த வாங்கவா?”

நண்பர் கை கழுத்தில் இல்லாத அளவு டேப்பைத் தேடியது. அண்ணன் இறங்கிப் போனார். எனக்குப் பக்கம் அகப்பட்டது. “ரெண்டு நிமிஷம் கூட்டலாம்! விதி இருக்கு!” என்று கத்தினேன். டைம்கீப்பர் மணியைக் கீழே வைத்துவிட்டு, “யாருக்குங்க?” என்றார்.

நண்பர் பின்னாலேயே ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் நிற்குமிடத்தில் அண்ணனுக்கு எதிரே போய் நின்றார். நின்றார், அவ்வளவுதான். பஸ் வந்தது; அண்ணன் ஏறிக்கொண்டார். திரும்பி வந்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வரவேற்பாளர் வேலை என்பதால், ஜமுக்காளத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் போனார். அந்த மன்னிப்பை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான். எனக்கு அவர் ஒரு தப்பும் செய்ததில்லை.

மறுநாள், மிச்சத்தை நானே கடுதாசியில் எழுதி அண்ணனுக்கு அனுப்புகிறேன் என்றேன்.

“நகல் வேணாம் மாப்ள” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம் வாயிலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். பிறகு எந்தப் பொறுப்புக்கும் வரவில்லை. நான் வெட்கமில்லாமல் மேலும் சில மார்கழி பயிற்சி கொடுத்தேன். விளிப்பை மட்டும் ‘சபையோரே’ என்று ஒரே சொல்லாகச் சுருக்கினேன். பழைய தலைவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு காலை அண்ணன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. நண்பர் மிஷினில் பாதி தைத்த சட்டையை ஊசியோடு அப்படியே விட்டு எழுந்தார். நானும் கூடப் போனேன். அறந்தாங்கியில் வண்டி மாறி ஜெகதாப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது இன்னும் எடுக்கவில்லை. வாசலில் யாரும் மறிக்கவில்லை. அண்ணன் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் அழுகை உடைந்தது.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா தம்பி? அன்னைக்கு ஒங்க கூட்டத்துல மிச்சம் என்னதான் சொல்ல வந்தீங்க? கோவம் ஆறுனதுக்கப்புறம் அவரு அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு. பாதியில ஒக்காந்துட்டானே, மிச்சம் என்னவா இருக்கும், நாம இருந்து கேட்டிருக்கலாமோன்னு.”

பேச்சை எழுதியவன் ஆயிற்றே, எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். வாயைத் திறந்தேன். நண்பர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

“அவருகிட்டயே சொல்லிக்கிறேன் மதினி.”

அண்ணன் காதோரம் குனிந்து உட்கார்ந்தார். உதடுகள் அசைந்தன, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பாடையைக் கட்டி முடித்தவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் மற்றவர்களைக் கையமர்த்தி, தாமும் சுவரோரம் குந்திக்கொண்டார்.